ஞாயிற்றுக்கிழமைத் துஷ்டி

இந்த ஞாயிற்றுக்கிழமை யார் சாகப் போகிறார்களோ தெரியவில்லையே. போன வாரம் தாராவியில் ஒருவர். அதற்கு முந்தின வாரம் தேவ்நாரில் ஒரு கிழவி. மாதுங்காவில் ஆள் செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அநேகமாக இன்றைக்கு மாதுங்காவாகத்தான் இருக்கும்.

சண்முகவடிவு இப்படி நினைத்துக்கொண்டே காப்பித் தம்ளரைக் கணவரிடம் நீட்டினாள். மனசில் ஓடுவது முகத்தில் தெரியாமல் வைத்துக்கொள்வது அவளுக்குச் சிரமமில்லை. பதினான்கு வருஷப் பழக்கம்.

தளவாய் காப்பியை ஆற்றி ஒரு வாய் குடித்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாதுங்கால ஒரு துஷ்டி, வடிவு. நம்ம சங்கரலிங்கம் இருக்காம்லா, அவன் சகலையோட மாமனாரு. போகாம இருந்தா நல்லாருக்காது."

"அடப் பாவமே. என்ன செஞ்சுதாம்?"

"என்னமோ நெஞ்சு வலின்னாங்க."

"போன வாரமும் நெஞ்சு வலிதான். இந்த ஊருத் தண்ணி நம்ம ஆளுகளுக்கு ஒத்துக்கிடல போலுக்கு."

தளவாய் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

துஷ்டி கேட்கப் போனவர் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. பம்பாயில் செம்பூரில் அவர்கள் குடியிருந்த இரண்டு மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் பொதுக் குழாய் இருந்தது. ஞாயிறு மதியம் உச்சி வெயிலில் தளவாய் திரும்பி வருவார். உடுத்த துணியோடு குழாயடியில் உட்கார்ந்து தலையோடு தண்ணீர் விட்டுக்கொள்வார். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, மகள் அகிலாண்டம் கொண்டுபோய்க் கொடுக்கும் மாற்று வேட்டியைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறோடு மாடி ஏறுவார். யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. எந்த வாடையும் மிஞ்சாது. யோசித்துப் பார்த்தால் மெச்சத்தான் தோன்றியது. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இருபது வருஷமாகக் கடிதம் நகல் எடுத்து ஹெட்கிளார்க்கான மனிதருக்குள் இவ்வளவு கற்பனையா!

ஆனால் முன்பு ஏதோ ஒரு வாரம் ஆள் கிடைக்காமல், உயிரோடு இருக்கிறவரைச் சாகடித்துவிட்டார். விக்ரோலி வானமாமலை. ஞாயிற்றுக்கிழமை செத்த வானமாமலையைப் புதன்கிழமை மாதுங்கா மார்க்கெட்டில் சண்முகவடிவு பார்த்தாள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தாயி, சௌக்கியமா?" என்று செத்தவர் கேட்டார்.

"சௌக்கியம் அண்ணாச்சி. நீங்க?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, இந்த மாதிரி நேரத்தில் ஒரு பெண்சாதி என்ன நினைக்க வேண்டுமோ அதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் சரியாக ஒட்டவில்லை. வேறொருத்தியைப் பார்க்கப் போகிறவர் பூ வாங்கிக்கொண்டு போவார். கட்டிப் பெருங்காயத்தில் பாதியை உடைத்து, பொட்டுக்கடலை மாவோடு காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு போவாரா? எட்டு மாதமாக அவளுடைய பெருங்காயம் ஞாயிற்றுக்கிழமை காலையில் குறைந்துகொண்டு வந்தது. அவர் பையில் அந்தப் பொட்டலத்தைப் பார்க்கும்வரை எலி என்று நினைத்திருந்தாள். எலி பெருங்காயம் தின்னுமா என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

விடை கீழ்வீட்டிலிருந்து வந்தது. கீழ்வீட்டு சைனப் மேலப்பாளையத்துக்காரி. அவள் புருஷன் உதுமான் தாராவியில் தோல் பெட்டி தைக்கிற பட்டறை வைத்திருந்தார். கொஞ்ச நாளாகச் சைனப் காரணம் சொல்லாமல் மாடிக்குப் பலகாரம் அனுப்பிக்கொண்டிருந்தாள். முட்டை போடாதது, தனிச் சட்டியில் செய்தது என்று சொல்லித்தான் அனுப்புவாள். ஒரு நாள் தேங்காய்ப்பால் முறுக்கோடு அவளே வந்தாள்.

"எதுக்கு சைனப் சும்மா சும்மா?"

"சும்மாவா? உங்க வீட்டுக்காரவுக வாராவாரம் தார மீனுக்கு நாங்க வேற என்னத்தக்கா திருப்பிச் செய்ய?" என்று சொல்லிவிட்டுச் சைனப் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்த மீனு?"

"அல்லாவே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்னு நெனச்சுச் சொல்லு," என்றாள் சண்முகவடிவு.

சைனப் வாசற்படியிலேயே உட்கார்ந்து சொன்னாள். பவாய் ஏரியில் தூண்டில்காரர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது. தளவாயின் மானேஜர் கோத்வால் சாஹிப் அதற்குக் காரியதரிசி. ஏதோ கடிதம் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை தளவாயை அங்கே வரச் சொல்லியிருக்கிறார். எழுதி முடித்த கையில் பொழுது போவதற்காக ஒரு தூண்டிலைக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான். அடுத்த வாரமே தளவாய் சந்தா கட்டி மெம்பராகிவிட்டார். உதுமான் அங்கே ஏற்கெனவே மெம்பர். கோத்வாலுக்குப் பெட்டி தைத்துக் கொடுத்த பழக்கம்.

"ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மச்சானு. பலகை அடிச்சு, தண்ணிக்கு மேல பரண் மாதிரி இருக்குமாம், அதுக்குப் பேரு மச்சானாம்."

"மச்சான் மேலயா உக்காந்திருக்காக?"

சைனப் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னுங் கேளுங்க. மீனைத் தொடமாட்டாவளாம். சைவமாம். மாட்டினதும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, 'எடும்வே உதுமான், எடும்வே'ன்னு கத்துவாவளாம். எங்க வீட்டுக்காரவுகதான் ஓடிப் போயி முள்ளக் கழட்டணும்."

அவள் போன பிறகு சண்முகவடிவு வெகு நேரம் அடுப்பைப் பற்றவைக்காமல் இருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். கோபம் வரவில்லை. நாலு பேர் பார்க்கிற மேசைக்குப் பின்னால் ஆறு நாள் உட்காருகிற ஒரு மனிதருக்கு, யாரும் பார்க்காத இடம் ஒன்று வேண்டியிருந்திருக்கிறது. அது அவளுக்குப் புரிந்தது. அவளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் போல எப்போதாவது தோன்றியதுண்டு. அது எந்த இடம், என்ன காரியம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

இப்போது ஒன்று கிடைத்துவிட்டது. அவருக்கு ஒரு ரகசியம். அந்த ரகசியம் தெரியும் என்பது இவளுடைய ரகசியம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் முழுக்க முழுக்க அவளுடையது என்று வீட்டில் இருந்த ஒரே பொருள் அதுதான். பெட்டியில் இருந்த நகைகூட அகிலாண்டத்தின் கல்யாணத்துக்கு என்று பேர் சூட்டப்பட்டுவிட்டது. எனவே அவள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் சைனப்பே ஒரு துக்கச் செய்தி கொண்டுவந்தாள். நாலு வாரமாக மீன் இல்லை. "மாவு நிக்க மாட்டேங்காம். தண்ணிக்குள்ள போனதும் கரைஞ்சு போயிருதாம். அண்ணாச்சி மொகத்தப் பாக்க முடியலன்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லுதாவ."

"எதுல பெசையுதாக?"

"என்னது?"

"மாவை. பச்சத் தண்ணியிலயா, வெந்நியிலயா?"

சைனப்புக்குத் தெரியவில்லை. ஆனால் சண்முகவடிவுக்குத் தெரிந்துவிட்டது. பொட்டுக்கடலை மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் கரையாமல் என்ன செய்யும்? அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆண்பிள்ளை செய்கிற காரியம். அவளுக்குக் கை பரபரத்தது. சமையலில் ஒருவர் தப்புச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது.

சனிக்கிழமை ராத்திரி அரிசி மாவும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்து வெந்நீரில் பிசைந்து, கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகவைத்தாள். சூட்டோடு உரலில் போட்டு இடித்து, வறுத்த வெந்தயப் பொடியும் பெருங்காயமும் சேர்த்து, கொஞ்சம் கருப்பட்டி சுரண்டிப் போட்டாள். உருட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். அரை மணி நேரம் உருண்டை உருண்டையாகவே இருந்தது. ஓரம் மட்டும் மெல்ல இளகி மணம் விட்டது. வாழை இலையில் சுற்றி, பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில், திருடுகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள்.

காலையில், "என்னட்டி இது உருண்டை?" என்று தளவாய் கேட்டார்.

"பலகாரம் செய்யப் பாத்தேன். சரியா வரல. காக்காய்க்குப் போடணும்."

"நான் போற வழியில போட்டுட்டுப் போறேன்," என்றார் தளவாய், ரொம்ப உதவியாக.

அன்றைக்கு உதுமான் வீட்டில் ஐந்து ராத்தல் ரோகு மீன்.

அதற்குப் பிறகு அவளுடைய சனிக்கிழமைகளே மாறிப்போயின. வாராவாரம் ஒரு பலகாரம் "சரியாக வராமல்" போயிற்று. ஒரு வாரம் வெந்தயம் கூட்டினாள். ஒரு வாரம் அரிசியைக் குறைத்து வள்ளிக்கிழங்கு சேர்த்தாள். பலன் என்ன என்று ஞாயிறு மதியம் சைனப்பின் அடுப்படியில் தெரிந்துவிடும். முதல் தடவை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். நாலைந்து வாரத்தில் தலைப்பு கீழே இறங்கிவிட்டது. அவளும் இரண்டு அடி உள்ளே வந்திருந்தாள்.

"இஞ்ச பாருங்க அக்கா, வயித்துல உங்க மாவு அப்படியே கெடக்கு. கருப்பட்டிய மட்டும் தின்னுட்டுத் துப்பத் தெரியல இதுக்கு," என்று சைனப் அரிவாள்மனையில் உட்கார்ந்துகொண்டு சொல்லுவாள்.

மழைக்காலத்தில் மீனுக்கு இனிப்புப் பிடிக்கவில்லை. வெயில் ஏறினால் பெருங்காயம் கூடுதலாக வேண்டியிருந்தது. கலங்கல் தண்ணீரில் கிடக்கும் ஒரு பிராணிக்கு, வெள்ளிக்கிழமை மீன் கடைப் பக்கம் வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிற ஒரு பொம்பிளை பக்குவம் பார்த்துச் சமைக்கிறாள். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் வேடிக்கை மட்டும் இல்லை. வீட்டில் அவள் சமைத்ததைத் தின்றுவிட்டு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. உப்பு இல்லையென்றால் சொல்வார்கள். இந்த மீன்கள் வாராவாரம் பதில் சொல்லின.

அந்த ஏரியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. சாதம் வடிக்கும்போது, கஞ்சியில் எழும்புகிற குமிழியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அங்கே எப்படி இருக்கும்? கடித்த மறுகணம் கைக்கு எப்படித் தெரியும்?

அக்டோபரில் சைனப் ஒரு சேதி சொன்னாள். கிளப்பில் அந்த மாவுக்குப் பேரே வைத்துவிட்டார்களாம். தளவாய் மசாலா.

"எப்படிக் கத்துக்கிட்டீருன்னு சாஹிப் கேட்டாராம். எங்க பாட்டையா தாமிரபரணியில இதை வச்சுத்தான் புடிப்பாருன்னு அண்ணாச்சி சொன்னாவளாம்."

தளவாயின் தாத்தா கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கே கண்ணை மூடிக்கொள்கிறவர். சண்முகவடிவு சிரித்தாள். சிரிப்பு முடிந்த இடத்தில் லேசாக ஒன்று குத்தியது. போகட்டும், காக்காய்க்குப் போட வைத்த மாவுதானே, அதற்கு யார் பேர் வைத்தால் என்ன என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் கவனித்தாள்.

டிசம்பரில் கிளப்பின் வருஷப் போட்டி. மெம்பர்கள் குடும்பத்தோடு வர வேண்டும், ஆபீஸ் ஆட்களும் வந்து பார்க்க வேண்டும் என்று கோத்வால் சாஹிப் உத்தரவு போட்டுவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் தளவாய் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வடிவு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ கோவப்படப்படாது."

"சொல்லுங்க அத்தான்."

"ஞாயித்துக்கெழம நான் போறது..." அவர் தொண்டையைச் செருமினார். "எல்லாம் துஷ்டி இல்ல."

"பெருங்காயம் இன்னுங் கொஞ்சம் கூட வேணுமா?"

தளவாயின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அந்த முகத்தை அவள் ஆசை தீரப் பார்த்தாள். ஒரு வருஷம் வட்டி போட்டு வளர்த்த ரகசியம். ஒரே நொடியில் செலவழித்தாயிற்று. ஆனாலும் நஷ்டமில்லை என்று தோன்றியது.

"அப்ப அந்த உருண்டை..."

"காக்காய்க்குன்னா வெந்தயத்த வறுத்துப் பொடிச்சா போடுவாக?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பக்கத்தில் போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்ததில் அகிலாண்டம் பாடத்தை விட்டுவிட்டு எழுந்து வந்து, "க்யா ஹுவா? என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"மாவு எம் மாவுன்னே இருக்கட்டும், என்ன?" என்றார் தளவாய் பிறகு, மெதுவாக. "அங்க எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."

"இருக்கட்டும். ஆனா நான் அந்த ஏரியப் பாக்கணும். பொம்பளைகளோட நாற்காலியில இல்ல. அந்தப் பலகையில உக்காந்து."

"அதுக்கென்ன," என்றார் தளவாய்.

அகிலாண்டத்தைச் சைனப்பிடம் விட்டுவிட்டு, குர்லாவில் வண்டி மாறி, விக்ரோலியில் இறங்கிப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். உதுமான் முன்னாலேயே வந்திருந்தார். ஏரியைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர், அதற்கப்பால் குன்று, கரையில் ஓடு போட்ட கிளப், மரத்தடியில் பிரம்பு நாற்காலிகள். பச்சைத் துணி விரித்த மேசையில் ஒரு வெள்ளிக் கோப்பை. தொப்பி வைத்த ஆண்கள் சத்தம் காட்டாமல் நடந்தார்கள், பரீட்சை ஹால் மாதிரி. போட்டியின் விதிகளைக் கோத்வால் சாஹிப் எழுந்து நின்று வாசித்தார். அவரவர் தூண்டில், அவரவர் கை. ஒரு மெம்பருக்கு மாட்டிய மீனை வேறு யாரும் இழுக்கக் கூடாது. கரைக்கு வந்த பிறகு வலையில் அள்ளவும் முள்ளைக் கழற்றவும் மட்டும் ஆள் வைத்துக்கொள்ளலாம். தளவாய் உதுமானைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கரையிலிருந்து ஒற்றைப் பலகை மேல் நடந்து போய் மச்சானில் உட்கார்ந்ததும்தான் அவளுக்கு ஏரி தெரிந்தது. அங்கே காலுக்குக் கீழேயும் தண்ணீர்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் கொடு, துவாலை எங்கே, பெல் அடிக்குது பார். ஒன்றும் இல்லை. சிவப்புத் தக்கை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. இப்படிக்கூட ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது. இந்த மனிதர் இதற்காக ஊரையே சாகடித்தது தப்பில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிவரை தளவாய்க்கு இரண்டு சின்ன ரோகு. பதினொரு மணிக்கு மேல் கோத்வால் சாஹிப் கரையிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார். பூனாவிலிருந்து வந்த விருந்தாளிக்குத் தாமிரபரணித் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம்.

"ரெண்டு நிமிஷம். கம்பைச் சும்மா புடிச்சுக்க. தக்க ஆடிச்சுன்னா என்னியக் கூப்பிடு, ஓடி வந்துருதேன்," என்று சொல்லிவிட்டுத் தளவாய் போனார்.

அவர் போய் ஒரு நிமிஷம்கூட இருக்காது. தக்கை ஆடவில்லை. ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்தது. யாரோ அதைக் காதோடு காதாக ஏதோ கேட்டது போல நின்றது. பிறகு காணாமல் போயிற்று.

கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தொண்டையில் குரல் தயாராகக்கூட இருந்தது. கரை முப்பது அடிதான். கூப்பிட்டிருந்தால் அவர் ஓடி வந்திருப்பார். அந்த இடைவெளியில், ஒரு கண் இமைப்பு, இது என்னைக் கேட்டு வந்தது என்று அவளுக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டு, காலையிலிருந்து அவர் செய்ததைப் பார்த்திருந்தபடி, கம்பை வெடுக்கென்று தூக்கினாள்.

கம்பு வில்லாக வளைந்தது. ரீல் கூச்சலிட்டது.

"நூலை விடுங்கக்கா! விடுங்க! இழுக்காதீங்க!" பக்கத்து மச்சானில் உதுமான் எழுந்து நின்று கத்தினார். "ரீல்ல கை வைக்காதீங்க! போகட்டும், எங்கிட்டுப் போயிரும்!"

"போய்க்கிட்டே இருக்கு!"

"நின்னா சுத்துங்க! ஓடினா விடுங்க! அவ்வளவுதான்!"

ரயில்வே பிளாட்பாரத்தில் அடம்பிடிக்கிற பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற மாதிரிதான் இருந்தது. முரட்டுத்தனமாக இழுத்தால் படுத்துக்கொள்ளும், விட்டால் ஓடிவிடும். அது அவளுக்குத் தெரிந்த வித்தைதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு காலைப் பலகை விளிம்பில் ஊன்றினாள். தளவாய் கரையில் ஓடி வருவதும், பலகைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டதும் கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. "நான் வரட்டா? வரட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. மணிக்கட்டிலிருந்து தோள்வரை, அந்தப் பக்கத்தில் இருப்பது என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொண்டே இருந்தது. அரை மணி நேரம் ஆயிற்று என்று பிறகு சொன்னார்கள்.

உதுமான் ஓடி வந்து வலையில் அள்ளியபோது, பெரிய தலையும் தட்டுத் தட்டான செதிலுமாக ஒரு கட்லா வாயைத் திறந்து திறந்து மூடியது. சண்முகவடிவு குனிந்து அதன் தலையில் கை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

"இதையும் அறுப்பாகளா?"

"இல்லக்கா. போட்டிக்கு நிறுத்துட்டுப் பெரிய மீனத் திரும்ப விட்டுருவாங்க. அப்பத்தான் ஏரியில குஞ்சு தங்கும்."

இருபத்து மூன்று ராத்தல். தராசைச் சுற்றித் தொப்பிகள் கூடின. நிறுத்ததும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் ஆழத்தில் விட்டார்கள். ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். மிச்சம் இருந்தது பேச்சு மட்டும்.

சாயங்காலம் நாலு மணிக்குள் அதைவிடப் பெரிதாக யாருக்கும் கிடைக்கவில்லை. கோத்வால் சாஹிப் பச்சை மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். நல்ல மனிதர். அவருக்கு அப்போது சங்கடமாக இருந்தது.

"மிஸஸ் தளவாய், ஒரு சின்ன விஷயம்," என்று ஹிந்தியில் ஆரம்பித்தார். "மாட்டியது தளவாய்க்குத்தான், நீங்கள் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டீர்கள், அவ்வளவுதானே? அவரே இழுத்தார் என்று நீங்கள் சொல்லிவிட்டால் விதிக்குச் சரி, கோப்பை அவருக்கு. நான் விருந்தாளியோடு பேசிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. உதுமான் பாய்?"

"நான் எந் தக்கையப் பாத்துக்கிட்டு இருந்தேன் சாஹிப்," என்றார் உதுமான், மரத்தைப் பார்த்துக்கொண்டு.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தளவாய் அவள் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, உதடு அசையாமல் தமிழில் சொன்னார்.

"தலைய மட்டும் ஆட்டு வடிவு. வாயத் திறக்கவே வேண்டாம். ஆபீஸ் முழுக்க இங்க நிக்கி. இருபது வருஷத்துல ஒரு தடவ எம் பேரச் சொல்லிக் கை தட்டட்டுமே."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் ஏதும் இல்லை. ஆசை மட்டும்தான் இருந்தது, சின்னப் பையனுக்கு இருக்கிற மாதிரி. தலையை ஆட்டுவது ஒரு கஷ்டமா? பதினான்கு வருஷமாக ஆட்டியதுதானே. மாவைக் கேட்டார், கொடுத்தாள். இனிமேலும் எல்லாச் சனிக்கிழமையும் கொடுப்பாள். அதற்கு எந்தத் தாத்தா பேரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த அரை மணி நேரம் அவள் கையில் இருந்தது. அதை யாருக்காவது எடுத்துக் கொடுக்க முடியுமா என்று உண்மையாகவே தேடிப் பார்த்தாள். கொடுக்க வழி தெரியவில்லை. கொடுத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பலகையில் உட்கார்ந்திருந்தது யார் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

"மாட்டேன் அத்தான்," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு கோத்வால் சாஹிப்பைப் பார்த்து, தனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியில், காய்கறிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லுகிற அதே சாதாரணக் குரலில், பிடித்தது நான்தான் என்று சொன்னாள்:

"நை சாப். மைனே பக்டா."